மணம் தெரியாத அறுவடை

அறுவடைக்கு ஒன்பது நாட்கள் இருந்தபோது என் மூக்கு வேலை செய்யாமல் போனது.

காய்ச்சல் இரண்டு நாளில் விட்டிருந்தது. மூன்றாம் நாள் காலை எழும்பி, இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் வைத்தேன். கோப்பையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனபோது ஆவி மட்டும் சூடாக வந்து அடித்தது. இஞ்சியும் இல்லை, தேயிலையும் இல்லை. மிளகாய்த்தூள் போத்தலைத் திறந்து முகர்ந்தேன். தும்மல் வந்தது, மணம் வரவில்லை. பிறகு சவர்க்காரம், கணவரின் வேலைச் சட்டை, குளிர்பெட்டியில் இருந்த பழைய மீன்குழம்பு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் எடுத்து முகர்ந்துகொண்டு வீடு முழுக்க நடந்தேன். குளியலறையில் ஈரத் துவாயை மூக்கில் அழுத்திப் பிடித்தும் பார்த்தேன். தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

தொற்று பரவிய அந்த வருடங்களில் பலருக்கு இப்படி நடந்தது. பொறுத்திருந்தார்கள், சிலருக்குத் திரும்பி வந்தது. எனக்குப் பொறுத்திருக்க வழி இருக்கவில்லை. நான் சம்பளம் வாங்கியதே மூக்குக்காகத்தான்.

ஜேர்மனியில் மோசல் ஆற்றின் கரையில், செங்குத்தான சரிவுகளில் முந்திரிகை வளர்த்து வைன் செய்யும் ஒரு குடும்பத்திடம் அப்போது பதினாறு வருடமாக வேலை செய்துகொண்டிருந்தேன். திராட்சையை எங்கள் ஊரில் முந்திரிகை என்போம். எனக்கு இன்றும் அதுதான் வாயில் வருகிறது. குடும்பம் என்று சொன்னாலும் இருப்பது இரண்டு பேர்தான். என் வயதையொத்த ஒரு பெண், அவருடைய தகப்பன். முதலாளியாக இருக்கும் பெண்ணை இங்கே ‘செஃபின்’ என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அறுவடைக்கு மட்டும் ருமேனியாவிலிருந்து எட்டுப் பேர் வந்து நிற்பார்கள். நிலவறையில் வேலை செய்வது செஃபினும் நானும்.

அவர்கள் வைன் செய்யும் முறை பக்கத்துத் தோட்டங்களின் முறை இல்லை. மற்றவர்கள் கடையில் வாங்கிய ஈஸ்ட்டைச் சாற்றில் கலந்து, உருக்குத் தொட்டியில் குளிரூட்டி, சொன்ன நாளில் முடிப்பார்கள். செஃபின் ஒன்றும் கலப்பதில்லை. பழத்தின் தோலிலும் நிலவறைச் சுவரிலும் உயிரோடு இருப்பது எதுவோ அதுவே சாற்றைப் புளிக்க வைக்க வேண்டும். சாறு போவது ஆயிரம் லீட்டர் பிடிக்கும் பழைய ஓக் பீப்பாய்களுக்குள். பதின்மூன்று பீப்பாய்கள் உண்டு. ஒன்று நாலாம் நாளே புளித்துக் கொதிக்கத் தொடங்கும். ஒன்று இரண்டு கிழமை சும்மா கிடக்கும். ஒன்று நத்தார்ப் பண்டிகைக்கு முன் அடங்கிவிடும், இன்னொன்று அடுத்த சித்திரை வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அவற்றின் பாட்டில் விடுவதால், ஒவ்வொரு நாளும் யாராவது ஒவ்வொரு பீப்பாயின் வாயையும் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டும். அவித்த முட்டை மணம் வந்தால் உள்ளே கலக்கிக் காற்றுக் கொடுக்க வேண்டும். அதைவிட மோசமான மணங்களும் உண்டு. அவற்றை முதல் நாளிலேயே பிடிக்காவிட்டால் பீப்பாய் போய்விடும்.

நான் முதலில் அறுவடைக்குப் பழம் ஆய வந்தவள். முதல் இலையுதிர்காலத்தில் ஒரு குழாயை எடுத்துவரச் சொல்லி என்னை நிலவறைக்கு அனுப்பினார்கள். மேலே வந்து, “அந்த மூலைப் பீப்பாய் முட்டை மணக்குது” என்றேன். செஃபினும் தகப்பனும் இறங்கிப் போய் முகர்ந்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். அடுத்த நாள் இருவருக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு என்னை மலைச்சரிவுக்கு அதிகம் அனுப்பவில்லை.

நிலவறை மேசையில் கறுப்பு மட்டை போட்ட ஒரு கொப்பி இருக்கும். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பீப்பாயின் மணத்தை நான் அதில் எழுதுவேன். மணங்களுக்கு ஜேர்மன் சொல் எனக்கு உடனே வராது. அதனால் முதலில் தமிழில் எழுதி, கீழே எனக்குத் தெரிந்த ஜேர்மனில் விளக்கம் எழுதுவேன். ஆறு மாதம் கழித்து வாங்க வருகிறவர்களின் முன்னால் செஃபின் அந்தக் கொப்பியைத் திறந்து, என்னிடம் “இதை வாசிச்சுக் காட்டும்” என்பார். 2021 குளிரும் மழையும் பூஞ்சணமுமாக இருந்த வருடம். பழத்தில் பாதியைப் பூஞ்சணம் தின்றது. மீதியின் புளிப்பு பல்லைக் கூச வைத்தது. அந்த வருடப் பக்கங்களில் புளியங்காய், நனைந்த சாக்கு, பச்சை அப்பிள் என்று எழுதியிருக்கிறேன். அடுத்த வருடம் வானம் பொய்த்தது. ஆவணி மாதமே இலைகள் மஞ்சளாகின. சின்னக் கொடிகளுக்கு நாங்கள் தண்ணீர் சுமந்து ஊற்றினோம். 2022இன் பக்கங்களில் காய்ந்த மாம்பழத் தோல், தேயிலைச் சாயம், வெயிலில் கிடந்த வைக்கோல் என்று இருக்கும். அவ்வளவும் நான் முகர்ந்து எழுதியவை.

2023இல்தான் மூக்குப் போனது.

கணவரிடம் மட்டும் சொன்னேன். அவர் ஒரு வைத்தியசாலைச் சமையலறையில் வேலை செய்கிறார். குடிக்கமாட்டார். வீட்டுக்கு நான் கொண்டுவரும் போத்தல்களைச் சாமித்தட்டு இருக்கும் அறைக்குள் வைக்கவும் விடமாட்டார்.

“இண்டைக்கே போய்ச் சொல்லும்” என்றார்.

“சொன்னா என்னை வைச்சிருப்பினமே?”

“பதினாறு வருசம் வைச்சிருக்கிறவை. ஏன் இப்ப வைச்சிருக்கமாட்டினம்?”

“அவைக்கு என்ரை மூக்குத்தான் வேணும். அது இல்லாட்டி நான் ஆர்?”

“நீர் பயத்திலை கதைக்கிறீர்” என்றார். உண்மைதான். பயம் எப்படிப்பட்டது என்றால், சொல்லாமல் விட்டால் அது நடக்காததாகிவிடும் என்று ஏதோ ஒரு மூலையில் நம்ப வைக்கும். ஒரு கிழமையில் திரும்பி வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூக்கு வைத்தியரைப் பார்க்க நாள் குறித்து டெர்மின் எடுத்தேன். அதற்கே மூன்று கிழமை காத்திருக்க வேண்டியிருந்தது.

அறுவடை தொடங்கியதும் மழையும் தொடங்கியது. இளஞ்சூட்டு மழை. பழங்கள் வீங்கி, தோல் வெடித்து, வெடித்த இடத்தில் சிறிய ஈக்கள் மொய்த்தன. சில குலைகள் வெளியே பொன்னிறமாக இருக்கும், நடுவில் நாலைந்து பழம் மண்ணிறமாகி, காடிபோலப் புளித்து வினாகிரியாகிக் கிடக்கும். பெட்டிகள் வந்து இறங்கும் மேசையில் நான் நிற்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியையும் முகர்ந்து, புளித்தது இருந்தால் ஒதுக்க வேண்டும். ஈஸ்ட் கலக்காத வைனில் கெட்ட சாறு ஒரு வாளி போனாலும் அது பெருகிவிடும்.

நான் குனிந்து முகர்வது போலச் செய்தேன். மூக்குக்குள் குளிர்ந்த காற்றுப் போனது, வந்தது. கண்ணால் தேடினேன். விரலால் குலையைப் பிரித்தேன். சந்தேகமான பழத்தை வாயில் போட்டு நாக்கில் எரிகிறதா என்று பார்த்துத் துப்பினேன். வழக்கத்தைவிட மூன்று மடங்கு நேரம் எடுத்தது. பெட்டிகள் எனக்குப் பின்னால் அடுக்கடுக்காக உயர்ந்தன.

செஃபின் வந்து பக்கத்தில் நின்றார். அவர் பேசுவது ஜேர்மன். எனக்கு அது எங்கள் பேச்சாகவே நினைவில் இருக்கிறது.

“இண்டைக்கு ஏன் இவ்வளவு மெல்ல?”

“பழம் சரியில்லை. கவனமாப் பாக்கிறன்.”

“நல்லது” என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார். நான் அடுத்த பெட்டிக்குக் குனிந்தேன்.

ஏழாம் பீப்பாய்க்குப் போன சாறு அவர்களுடைய மிகச் செங்குத்தான நிலத்துண்டிலிருந்து வந்தது. பலகை பலகையாக உடையும் கறுத்தக் கல் நிரம்பிய சரிவு அது. கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் அதில் பழம் ஆயலாம். செஃபினின் பாட்டனார் வைத்த கொடிகள். எங்களிடம் வருபவர்களில் பாதிப்பேர் அந்த வைனுக்காகவே வருவார்கள். அந்தப் பெட்டிகள் வந்த நாள் கடைசி நாள், பின்னேரம், எல்லோரும் களைத்து நனைந்திருந்தோம். நான் கடைசி இருபது பெட்டிகளை எப்படிப் பார்த்தேன் என்று எனக்கு இப்போதும் சரியாக நினைவில்லை. நினைவில்லை என்பதே எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு நிலவறை நாட்கள். சாறு கொதிக்கும்போது வரும் வாயுவுக்கு மணமில்லை. அது தரையோடு தேங்கும், அதிகமானால் ஆளை விழுத்தும். காற்றாடியைப் போட்டு, கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் இறங்குவோம். அந்த வாயு மூக்கின் உட்புறத்தைக் குத்தும். எனக்கு அந்தக் குத்தல் மட்டும் தெரிந்தது. ஆபத்தானது ஒன்றைத்தான் என் மூக்கால் உணர முடிந்தது என்பதை நினைத்து, படியின் நடுவில் நின்று ஒருநாள் சிரித்தேன். சிரித்த சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்ததும் மேலே ஓடிவிட்டேன்.

பீப்பாய்களை மூக்கில்லாமல் அறிய வழிகள் தேடினேன். இனிப்பை அளக்கும் கண்ணாடி மிதவை இருந்தது. பீப்பாயின் வாயில் பொருத்திய குழாய்க்குள் குமிழி எத்தனை வினாடிக்கு ஒருதரம் வருகிறது என்று எண்ணினேன். மரத்தில் காதை வைத்துக் கேட்டேன். நாக்கில் விட்டுத் துப்பினேன். ஆனால் கொப்பியில் மணம் எழுத வேண்டுமே. முதல் இரண்டு நாள் பேனையைப் பிடித்தபடி இருந்துவிட்டு ஒன்றும் எழுதாமல் வந்தேன். மூன்றாம் நாள் பழைய பக்கங்களைப் புரட்டினேன். அதே பீப்பாய், ஏறக்குறைய அதே திகதி, 2022. அதைப் பார்த்து எழுதினேன்.

களவெடுக்கிறேன் என்று தெரிந்துதான் எழுதினேன். அன்று எழுத்துக் கோணியது. அடுத்த நாள் அவ்வளவு கோணவில்லை.

ஐப்பசி முடிவில் செஃபினின் தகப்பன் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். சத்திரசிகிச்சைக்காக நகரத்து வைத்தியசாலையில் சேர்த்தார்கள். செஃபின் அங்கேயே தங்க வேண்டியிருந்தது. போகும்போது, “நிலவறையைப் பற்றி நான் யோசிக்கத் தேவையில்லை. நீர் இருக்கிறீர்” என்றார். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அவருடைய காரின் கதவைச் சாத்திவிட்டுக் கையசைத்தேன்.

அவர் போன ஐந்தாம் நாள் ஏழாம் பீப்பாயின் குமிழி மெதுவானது. மிதவை அளவு கீழே இறங்காமல் நின்றது. இனிப்பு நிறைய மிச்சமிருக்க, கொதி நின்றுகொண்டிருந்தது. நாக்கில் விட்டபோது ஓரங்களில் ஒரு கூர்மை. புளிப்பா, வேறொன்றா? திரும்பத் திரும்பச் சுவைத்தேன். ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி இருந்தது. பயத்தில் நாக்கும் பொய் சொல்லத் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. கணவரை நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பதினாறு வருடத்தில் அவர் அதற்குள் இறங்கியது அதுதான் முதல் தடவை. குளித்து, திருநீறு பூசி, ஞாயிறு உடுப்போடு வந்திருந்தார். பீப்பாய்களைப் பார்த்ததும் கோயிலுக்குள் பிழையான வாசலால் நுழைந்தவர் மாதிரி நின்றார்.

“குடிக்கச் சொல்லாதையும்.”

“குடிக்க வேண்டாம். மணந்து சொல்லுங்கோ. மனசிலை என்ன வருதோ அதை.”

முதலாம் பீப்பாயில் பேக்கரிப் பாண் மணம் என்றார். இரண்டாவதில் வாழைப்பழம். நாலாவதில் யோசித்துவிட்டு, “மழை பெய்ஞ்ச பிறகு ரோட்டுக் கல்லு மணக்குமே, அது” என்றார். அந்தப் பீப்பாய்க்கு நான் கொப்பியில் காய்ந்த மாம்பழத் தோல் என்று எழுதியிருந்தேன்.

ஏழாவதில் அவர் குனிந்தார், உடனே நிமிர்ந்தார்.

“இது எங்கடை மகள் நகத்திலை பூசினதை அழிக்கிறதுக்குப் பாவிக்கிற சாமான்.”

“வடிவா மணந்து பாருங்கோ. கொஞ்சமோ, கனக்கவோ?”

“இதிலை வடிவாப் பாக்க என்ன இருக்கு? கண்ணே எரியுது.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “கூடாத மணமோ?”

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மணம் வந்தால் சாறு வினாகிரியாகத் தொடங்கிவிட்டது, இனி மீட்க முடியாது என்று அர்த்தம். வேறு எந்தப் பீப்பாய் என்றாலும் தாங்கியிருப்பேன் என்று தோன்றியது. அவர் பக்கத்தில் உட்காராமல், உடுப்பில் ஊத்தை படும் என்றோ என்னவோ, நின்றபடியே சொன்னார்:

“இப்ப போன் எடுத்துச் சொல்லும்.”

“தேப்பனுக்குப் பக்கத்திலை இருக்கிறா. நாளைக்கு வாறா. நாளைக்குச் சொல்லுறன்.”

“நாளைக்குச் சொல்லுவீரே?”

“ஓம்.”

அவர் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

திங்கள் காலை நான் போய்ச் சேர்ந்தபோது செஃபின் எனக்கு முன்னமே வந்து தங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கொப்பி அவர் முன்னால் திறந்து கிடந்தது. வழியில் நான் மனப்பாடம் செய்துகொண்டு வந்த வாக்கியம் முழுதும் காணாமல் போனது.

“நிலவறையிலை இருந்து இதை எடுத்து வந்தனான்” என்றார். “நாலாம் பீப்பாய்க்குக் காய்ஞ்ச மாம்பழத் தோல் எண்டு எழுதியிருக்கிறீர். தேயிலைச் சாயம். வைக்கோல்.” மற்றக் கையால் பழைய பக்கத்தைப் புரட்டினார். “போன வருசமும் இதே சொல்லு. இதே ஒழுங்கிலை. போன வருசம் மழையே இல்லை. இந்த வருசம் மழையிலை ஆய்ஞ்ச பழம். ரெண்டும் எப்பிடி ஒரே மாதிரி மணக்கும்?”

நான் கொப்பியைப் பார்த்தபடியே சொன்னேன். 

“எனக்கு மணம் தெரியாது. காய்ச்சலுக்குப் பிறகு ஒண்டும் தெரியாது.”

“எப்ப இருந்து?”

“அறுவடைக்கு முதலே.”

அவருடைய முகத்தில் கணக்குப் போடுவது தெரிந்தது. பெட்டிகள், மேசை, கடைசி நாள் மழை. எழும்பி நேராக நிலவறைக்குப் போனார். நான் சமையலறையிலேயே நின்றேன். திரும்பி வந்தபோது அவருடைய உதடுகள் வெளிறியிருந்தன.

“ஏழு பழுதாப் போட்டுது.”

“தெரியும். நேற்று என்ரை மனுசனைக் கொண்டுவந்து மணக்க வைச்சனான்.”

“நேற்று உமக்குத் தெரியும். நேற்று எனக்கு நீர் ஏன் சொல்லேல்லை?”

பயம் என்று சொன்னேன். அவருடைய மொழியில் அந்தச் சொல்தான் அப்போது வாயில் வந்தது, ஒரே ஒரு சொல். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“ஒரு பீப்பாய் போனது போனதுதான். எனக்கும் போயிருக்கு, அப்பாவுக்கும் போயிருக்கு. ஆனா இந்தக் கொப்பி,” அவர் விரல் பக்கத்தின் மேல் நின்றது, “இதிலை நான் இனி எந்தப் பக்கத்தை நம்புறது?”

கொப்பியை மூடி எடுத்துக்கொண்டு, என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

நான்கு நாட்கள் போன் வரவில்லை. வேலைநீக்கக் கடிதம் வரும் என்று தபால்பெட்டியைத் திறக்கப் பயந்து, கணவரைத் திறக்க விட்டேன். வேலை ஆலோசனைக் கந்தோரில் எந்த மேசைக்குப் போவது, இந்த வயதில் ஆஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி எதைச் செய்வது என்று யோசித்தேன். ஆனால் அவையெல்லாம் மேலோட்டமான பயங்கள். அடியில் இருந்தது வேறு. அவர் மற்றப் பழைய பக்கங்களையும் சந்தேகத்தோடு புரட்டுகிறார் என்ற எண்ணம். நான் உண்மையாக முகர்ந்த வருடங்களும் சேர்ந்து பொய்யாகிவிட்டன என்ற எண்ணம். 

ஐந்தாம் நாள் செஃபினே வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்த கணவர் செருப்பைக் கழற்றச் சொல்லலாமா என்று தெரியாமல் தடுமாறினார். செஃபின் தானாகவே சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நான் போட்ட தேநீரைக் குடித்தார்.

“நீர் எழுதினதிலை எது களவு எண்டு எனக்குக் காட்ட வேணும்” என்றார். “ஒவ்வொரு வரியா.”

அன்று பின்னேரமே நிலவறை மேசையில் அருகருகே உட்கார்ந்தோம். நான் பார்த்து எழுதிய வரி ஒவ்வொன்றிலும் சிவப்புக் கோடு போட்டேன். அறுபத்திரண்டு வரிகள்.  முடிந்ததும் குமிழிகளை எப்படி எண்ணினேன், மரத்தில் காதை வைத்து என்ன கேட்டேன் என்று விசாரித்தார். சொன்னேன். “அதையும் எழுதும்” என்றார். அன்றிலிருந்து அவர் முகர்வார், நான் கேட்டும் சுவைத்தும் அளந்தும் பார்ப்பேன். இரண்டு பேரும் தனித்தனியாக எழுதிவிட்டுப் பிறகு ஒப்பிடுவோம்.

மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பனிக்காலம் முழுக்க அவர் என்னோடு வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினார். நிலவறைக்குத் தனியாக என்னை விடவில்லை. ஏழாம் பீப்பாயை வினாகிரி செய்பவர் ஒருவர் வந்து ஏற்றிக்கொண்டு போனார். குழாயால் அது ஓடி முடியும் வரைக்கும் நான் முற்றத்தில் நின்றேன். 2023இல் அந்தச் சரிவின் வைன் இல்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் செஃபின், “நாங்கள் சரியாப் பார்க்கேல்லை” என்றார். ‘நாங்கள்’ என்ற அந்தச் சொல் என்னைச் சேர்த்துக்கொண்டதா, தண்டித்ததா என்று நான் பல நாள் யோசித்தேன்.

மற்றப் பன்னிரண்டும் பிழைத்தன. மெல்லிய வைன்கள். மழையின் இளக்கம் அவற்றில் இருக்கிறது என்று செஃபின் எழுதியிருக்கிறார். எனக்கு நாக்கில் தெரிந்தது புளிப்பும், கடைசியில் வரும் ஒரு உப்புக் கரிப்பும்.

அடுத்த சித்திரையில், தளிர்கள் விரலளவு வந்திருந்தபோது, பள்ளத்தாக்கில் உறைபனி இறங்கியது. விடிந்ததும் செஃபினும் நானும் சரிவில் ஏறினோம். தளிர்கள் முதலில் கண்ணாடி போல மினுங்கின. வெயில் பட்டதும் கறுத்து, அவித்த கீரை போலத் தொங்கின. கீழ்வரிசைகள் அவ்வளவும் போய்விட்டன. செஃபின் ஒரு கொடியின் பக்கத்தில் கல்லில் குந்தி இருந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் போய்க் குந்தினேன். அவர் முகத்தை மூடியபடியே, “எனக்குப் பயமாயிருக்கு” என்றார். பனிக்காலம் தொடங்கியதிலிருந்து வேலைக்கு வேண்டாத ஒன்றை அவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் முறை.

2024இல் பதின்மூன்றில் நாலு பீப்பாய்தான் நிரம்பின. அந்தச் சரிவின் மேல்வரிசைகளில் தப்பிய பழத்தைச் செஃபினும் நானும் இருவருமாகச் சேர்ந்து ஒவ்வொரு குலையாகப் பார்த்தோம்.

மணம் இப்போது கொஞ்சம் வந்திருக்கிறது, ஆனால் கோணலாக. குடிக்கும் கோப்பி, எரிந்த ரயர் போல மணக்கிறது. என் சொந்த வியர்வை வெங்காயம் மாதிரி இருக்கிறது. எலுமிச்சை மட்டும் எலுமிச்சையாகவே வருகிறது. நம்பக்கூடாது என்று தெரிந்ததால், முகர்ந்ததை எழுதிவிட்டுப் பக்கத்தில் ‘நிச்சயமில்லை’ என்றும் எழுதுகிறேன்.

போன வைகாசியில் புது வைனைச் சுவைத்துப் பார்க்க ஆட்கள் வந்திருந்தார்கள். செஃபின் வேறொரு மேசையில் இருந்தார். ஒரு வயதான சோடி என் முன்னால் கிளாசை நீட்டி, இதில் என்ன மணக்கிறது என்று கேட்டது.  முன்பு இதே மேசையில் நின்று நான் பதினைந்து நிமிடம் நிறுத்தாமல் பேசியிருக்கிறேன்.

“எனக்குச் சரியா மணம் தெரியாது” என்றேன். “நல்ல புளிப்பு இருக்கு. விழுங்கின பிறகும் கன நேரம் நாக்கிலை நிக்கும். மணத்தை நீங்களே எனக்குச் சொல்லுங்கோ.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்தப் பெண் கிளாசுக்குள் மூக்கை விட்டுக் கண்ணை மூடினார். நான் பேனையை எடுத்துக்கொண்டு காத்திருந்தேன்.